ராமானுஜனின் அனுமானமும் ஒரு பதினைந்து இலக்க எண்ணும்

13,39,78,25,93,44,888.

இந்த எண்ணை நம் வழக்கப்படி வாசித்தால், ஒரு கோடியே முப்பத்து மூன்று லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து கோடியே, தொண்ணூற்று மூன்று லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது கஷ்டம்தான்.

1729 என்ற எண்ணை அறியாத அங்கத்தினர் நம்மிடையே அநேகமாக இருக்க மாட்டார்கள். ஹார்டி வந்த டாக்ஸியின் எண் அது. இரண்டு விதமாக இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று ராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே சொன்ன கதையை, ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியும் ஏதாவது ஒரு மேடையில் கேட்கிறோம். ஆனால் மேலே எழுதியுள்ள பதினைந்து இலக்க எண்ணைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. 1729 ராமானுஜனின் மேதைமைக்குச் சாட்சி. இந்த எண்ணோ, அவர் சொன்ன ஒன்று சரியல்ல என்பதற்குச் சாட்சி. பேசாமல் விடுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி விட்டுவிடுவது ராமானுஜனுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் அபிப்பிராயம். அந்த எண்ணின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் அவர்மீது மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. கணிதம் மறந்துபோனவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

லட்டும் பொட்டலமும்

வீட்டில் கல்யாணம். ஒரே அளவான நான்கு லட்டுகள் மீந்திருக்கின்றன. அவற்றை எத்தனை விதமாகப் பொட்டலம் கட்டலாம்? நான்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டலாம். மூன்றும் ஒன்றுமாகக் கட்டலாம். இரண்டும் இரண்டுமாகக் கட்டலாம். இரண்டு, ஒன்று, ஒன்று என்று கட்டலாம். நான்கையும் தனித்தனியாகக் கட்டலாம். ஆக ஐந்து விதம். எந்தப் பொட்டலம் யாருக்கு என்பது கணக்கில் இல்லை.

இதைக் கணிதத்தில் 'பகுப்பு' என்பார்கள். 4-இன் பகுப்புகள் 5. லட்டு ஐந்தானால் 7 விதம். ஆறானால் 11 விதம். பத்தானால் 42 விதம். இதுவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருபதுக்கு 627. நூறு லட்டுக்கோ 19,05,69,292 விதம்! குழந்தை கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் விடை இப்படிப் பூதாகாரமாக வளர்கிறது. ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவது நடக்காத காரியம்.

கட்டுரையின் தலையில் உள்ள எண், 243-இன் பகுப்புகளின் எண்ணிக்கை. 243 லட்டுகளை அத்தனை விதமாகப் பொட்டலம் கட்டலாம்.

மேஜரின் அட்டவணை

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். ஒரு எண்ணின் பகுப்புத் தொகை வேண்டுமானால், அதற்கு 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று இன்னின்ன படிகள் முன்னால் உள்ள எண்களின் தொகைகளை எடுத்து, இரண்டைக் கூட்டி, இரண்டைக் கழித்து, மறுபடி இரண்டைக் கூட்டி என்று போக வேண்டும். பத்துக்கு வேண்டுமானால் 9-இன் தொகையான 30, 8-இன் தொகையான 22 இரண்டையும் கூட்டி, 5-இன் தொகையான 7, 3-இன் தொகையான 3 இரண்டையும் கழிக்க வேண்டும். 52-லிருந்து 10 போனால் 42. சரியாக வருகிறது.

இந்த வழியில் 1 முதல் 200 வரை அத்தனை எண்களுக்கும் தொகை கண்டு அட்டவணை போட்டவர் மேஜர் பெர்சி மக்மஹோன். பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. 1870-களில் இந்தியாவில் பணியாற்றியவர். பின்னாளில் கணித அறிஞராக லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர். இந்த வேலையில் ஓர் ஆபத்து உண்டு. ஓரிடத்தில் ஓர் இலக்கம் தவறினால், அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் தவறிவிடும். மக்மஹோனின் 200-வது எண் 39,72,99,90,29,388.

அதே காலத்தில் ஹார்டியும் ராமானுஜனும் எந்த எண்ணின் பகுப்புத் தொகையையும் நேரடியாகக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1918-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் அந்தச் சூத்திரத்தை 200-க்குப் போட்டுப் பார்த்தார்கள். எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் வந்த விடை 39,72,99,90,29,388.004. பதின்மூன்று இலக்க எண்ணில் பிசகு ஒன்றில் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. ஒருவர் படிப்படியாகக் கூட்டிக் கழித்து வந்தார். மற்ற இருவரும் முற்றிலும் வேறு பாதையில் வந்தார்கள். இரு சாராரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அட்டவணையில் ராமானுஜன் கண்டது

மக்மஹோனின் அட்டவணையை அந்நாளில் கணிதம் அறிந்த யாரும் பார்த்திருக்கலாம். ராமானுஜன் பார்த்த விதம் வேறு. 4-இன் தொகை 5. ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போனால் 9-இன் தொகை 30, 14-இன் தொகை 135, 19-இன் தொகை 490, 24-இன் தொகை 1575. எல்லாம் ஐந்தால் மீதியின்றி வகுபடுகின்றன. அடுத்து, 5-இல் தொடங்கி ஏழு ஏழாகத் தாண்டினால் 7, 77, 490, 2436. எல்லாம் ஏழால் வகுபடுகின்றன. 6-இல் தொடங்கிப் பதினொன்று பதினொன்றாகத் தாண்டினால் 11, 297, 3718. எல்லாம் பதினொன்றால் வகுபடுகின்றன.

பகுப்பு என்பது கூட்டல் சம்பந்தப்பட்ட விஷயம். வகுபடுவது பெருக்கல் சம்பந்தப்பட்டது. இவை இரண்டுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1917 முதல் நோய்வாய்ப்பட்டு, சானடோரியங்களிலும் மருத்துவ விடுதிகளிலும் காலம் கழித்துக்கொண்டிருந்த மனிதர் கண்ட உறவு இது. 5, 7 இரண்டுக்குமான நிரூபணங்களை 1919-இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 11-க்கான நிரூபணம் அவருடைய கையெழுத்துப் பிரதியில் இருந்தது. அவர் 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமான பின், ஹார்டி அதை எடுத்து 1921-இல் பிரசுரித்தார்.

ராமானுஜன் இத்துடன் நிற்கவில்லை. 5-க்கு உண்டென்றால் 25-க்கும் 125-க்கும் உண்டா? 7-க்கு உண்டென்றால் 49-க்கு? எந்த எண்ணில் தேட வேண்டும் என்பதற்கு ஓர் அழகான விதியும் அவரிடம் இருந்தது. எண்ணை 24-ஆல் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள். வருவது 25-ஆல் வகுபட்டால் அந்த எண்ணின் பகுப்புத் தொகையும் 25-ஆல் வகுபடும். 49-ஆல் வகுபட்டால் தொகையும் 49-ஆல் வகுபடும் என்பது விதி.

அட்டவணை இதற்கு ஒத்துப்போயிற்று. 47-ஐ எடுத்துக்கொள்வோம். 24-ஆல் பெருக்கினால் 1128. ஒன்று போனால் 1127. அது 49-ஆல் வகுபடும். 47-இன் பகுப்புத் தொகை 1,24,754. அதுவும் 49-ஆல் வகுபடுகிறது, ஈவு 2546. விதிப்படி 125-க்குப் பார்க்க வேண்டிய எண் 99. அதன் தொகை 16,92,29,875, வகுபடுகிறது. 121-க்குப் பார்க்க வேண்டியது 116. அதன் தொகை 1,18,89,08,248, அதுவும் வகுபடுகிறது. இவற்றையெல்லாம் பார்த்த ராமானுஜன் பொதுவாக ஓர் அனுமானம் சொன்னார்: 5, 7, 11 ஆகிய மூன்று பகா எண்களின் எந்த அடுக்குக்கும், அவற்றின் பெருக்கற்பலனுக்கும், இதே விதி செல்லும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5-க்கும் 7-க்கும் நிரூபணம் தந்தவர், இந்தப் பொது விதியை நிரூபணமாகச் சொல்லவில்லை, அனுமானமாகவே சொன்னார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அட்டவணை முடிந்த இடம்

ஏழின் மூன்றாம் அடுக்கு 343. விதிப்படி அதற்குப் பார்க்க வேண்டிய முதல் எண் எது? 243. அதை 24-ஆல் பெருக்கினால் 5832; ஒன்று போனால் 5831; அது 343-இன் 17 மடங்கு. அதற்குக் குறைந்த எண் எதுவும் பொருந்தாது. மக்மஹோனின் அட்டவணையோ 200-உடன் முடிந்துவிட்டது. ஆகவே 343 விஷயத்தில் அனுமானத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம்கூட அந்த அட்டவணையில் இல்லை. இன்னும் 43 வரிகள் இருந்திருந்தால் ராமானுஜனே பார்த்திருப்பார்.

அந்த 43 வரிகள் எளிதானவை அல்ல. ஆய்லரின் வழியில் 243-க்கு மட்டும், முன்னால் உள்ள 24 எண்களின் தொகைகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றும் நீண்ட எண். மின்னணுக் கணினி பிறக்காத காலம் அது.

ஹோஷியார்பூரும் வால்டேரும்

அந்தச் சிரமத்தை ஏற்றவர் ஹன்ஸ்ராஜ் குப்தா. 1902-இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். பஞ்சாபில் ஹோஷியார்பூர் அரசுக் கல்லூரியில் கணித ஆசிரியர். மக்மஹோன் விட்ட இடத்தில் தொடங்கி 300 வரை அட்டவணையை நீட்டினார். அது 1935-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அச்சாயிற்று. 1937-இல் 600 வரை கொண்டுபோனார். 1939-இல் அவருடைய பகுப்பு அட்டவணைகளை நூலாக வெளியிட்டது இந்தியக் கணிதக் கழகம். 1907-இல் வி. ராமஸ்வாமி ஐயர் தோற்றுவித்த கழகம் அது. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வெளியானதும் அதன் சஞ்சிகையில்தான்.

குப்தாவின் அட்டவணை லண்டனில் அச்சாவதற்கு முன்பே அதைக் கண்டு பயன்படுத்தியவர் சர்வதமன் சௌலா. லாகூர் அரசுக் கல்லூரிக் கணிதப் பேராசிரியரின் மகன். தந்தை கேம்பிரிட்ஜில் இருந்த சமயத்தில், 1907-இல் லண்டனில் பிறந்தவர். ஹார்டியின் நெடுநாள் கூட்டாளியான லிட்டில்வுட்டிடம் படித்து 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934-இல் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் 243-க்கு எதிரே இருந்த எண்ணை எடுத்து 343-ஆல் வகுத்துப் பார்த்தார். வகுபடவில்லை! அதே ஆண்டில் அதை ஒரு சிறு குறிப்பாக எழுதி லண்டனில் பிரசுரித்தார்.

இதைப் படித்தபோது நானும் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வகுத்தேன். அங்கத்தினர்களும் செய்து பார்க்கலாம். கட்டுரையின் தலையில் உள்ள எண்ணை ஏழால் வகுத்தால் 1,91,39,75,13,34,984, மீதி இல்லை. மறுபடி ஏழால் வகுத்தால் 27,34,25,01,90,712, மீதி இல்லை. மூன்றாம் முறை வகுத்தால் 3,90,60,71,70,101 வந்து, மீதி 5 நிற்கிறது. அந்த ஐந்து தான் விஷயம். 49 வரை அனுமானம் சொன்னபடி வந்த எண், 343-இல் கையை விரித்துவிட்டது.

பொது விதி என்று சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு அகப்பட்டால் போதும்; அந்த உருவில் விதி நிற்காது. சொன்னவர் யார், அவர் பெற்ற பட்டம் என்ன, அவரை நாடு எப்படிக் கொண்டாடுகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

பிறகு நடந்தது

சில பேர் இத்துடன் கதை முடிந்தது என்று நினைக்கலாம். உண்மையில் இங்கேதான் சூடு பிடித்தது. விதி எங்கே தவறுகிறது, எங்கே நிற்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் டி. எச். லேமர், பதினொன்றின் நான்காம் அடுக்கான 14,641-க்கு விதியைச் சோதிக்க வேண்டி, 14,031-இன் பகுப்புத் தொகையைக் கணக்கிட்டார். அது 127 இலக்க எண். அதற்கு அவர் பயன்படுத்தியது ஹார்டி-ராமானுஜன் சூத்திரம். ராமானுஜனின் ஒரு சொல்லைச் சோதிக்க ராமானுஜனின் இன்னொரு சொல்லே கருவியாயிற்று. விதி அங்கே ஒத்துப்போயிற்று.

1938-இல் இங்கிலாந்தின் ஜி. என். வாட்சன், ஐந்தின் எல்லா அடுக்குகளுக்கும் ராமானுஜன் சொன்னது சரியே என்று நிரூபித்தார். ஏழுக்கு மட்டும் விதி சற்றுத் திருத்தப்பட வேண்டும் என்றும் காட்டினார். ராமானுஜன் ஏழின் மூன்றாம் அடுக்கை எதிர்பார்த்த இடத்தில் இரண்டாம் அடுக்கே நிச்சயம். நான்காம் அடுக்கை எதிர்பார்த்த இடத்தில் மூன்றாம் அடுக்கு. நம் பதினைந்து இலக்க எண் இருமுறை வகுபட்டு மூன்றாம் முறை மீதி வைத்ததும் இந்தத் திருத்தப்பட்ட விதிப்படிதான். பதினொன்று எல்லோரையும் அதிக நாள் காக்க வைத்தது. அதன் எல்லா அடுக்குகளுக்கும் ராமானுஜன் சொன்னது சரி என்று ஏ. ஓ. எல். ஆட்கின் 1967-இல் நிரூபித்தார். அனுமானம் சொல்லி 48 ஆண்டுகளுக்குப் பின்!

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாதது. ராமானுஜன் தம் கையெழுத்துப் பிரதியில் ஐந்தின் அடுக்குகளுக்கான நிரூபணத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். ஏழின் அடுக்குகளுக்கும் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. முடித்திருந்தால் தம் அனுமானத்தின் பிசகு அவர் கண்ணிலேயே பட்டிருக்கும் என்பது இந்தப் பிரதியை ஆராய்ந்தவர்களின் கருத்து. அவருக்குக் கிடைத்த ஆயுள் 32 வருஷம்.

அதே 1919 கட்டுரையில் அவர் மற்றொன்றும் சொல்லியிருந்தார். 5, 7, 11 ஆகிய மூன்றைத் தவிர வேறெந்தப் பகா எண்ணுக்கும் இவ்வளவு எளிய விதி இருப்பதாகத் தோன்றவில்லை என்பது அது. அவர் பார்த்தது 200 வரிகள் கொண்ட ஓர் அட்டவணைதான். 2003-இல் ஆல்கிரென், பாய்லன் என்ற இரு கணித அறிஞர்கள் அதை நிரூபித்தார்கள். பகா எண்கள் முடிவில்லாதவை. அத்தனையிலும் அந்த மூன்றுக்கு மட்டுமே அந்த எளிய விதி உண்டு. ஆக, அதே கட்டுரையின் ஓர் அனுமானம் ஏழின் அடுக்கில் திருத்தம் பெற்றது. மற்றொன்று 84 ஆண்டுகள் கழித்து அப்படியே உறுதியாயிற்று.

நம் வீட்டுப் பழக்கம்

ராமானுஜன் நாமகிரித் தாயாரிடம் கொண்டிருந்த பக்தி உலகறிந்தது. அதில் யாரும் குறை காண வேண்டியதில்லை. ஆனால் நம் கூட்டங்களில், தாயார் அருளால் எல்லாம் அவருக்குத் தானே தோன்றிவிட்டது என்ற அளவில் பேச்சை முடித்துக்கொள்கிறோம். அப்படிச் சொல்லும்போது, மக்மஹோனின் அட்டவணை முன்னால் அமர்ந்து, வரி வரியாகப் பார்த்து, வகுத்து, நிரூபணம் கிடைத்ததைத் தனியாகவும் கிடைக்காததைத் தனியாகவும் எழுதி வைத்த உழைப்பாளி மறைந்துபோகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையும், இது நமக்கு வராது, தெய்வ கடாக்ஷம் உள்ளவர்களுக்கே வரும் என்று எழுந்து போய்விடுகிறது.

சரிபார்ப்பது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதும் அல்ல. கேரளத்து வடசேரி பரமேசுவரன் என்ற நம்பூதிரி, கிரகணங்களைச் சுமார் 55 ஆண்டுகள் கண்ணால் பார்த்துக் குறித்தார். பழைய கணக்கு சொல்லும் நேரமும் வானத்தில் தெரியும் நேரமும் ஒத்துவரவில்லை என்று கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' என்ற புதிய முறையை வகுத்தார். பழைய ஆசார்யர்களிடம் அவருக்கு மரியாதை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய நூல்களுக்கு உரை எழுதியவர் அவர். மரியாதை இருந்ததால்தான் அவர்களுடைய கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். குப்தாவும் சௌலாவும் ராமானுஜனுக்குச் செய்ததும் அதுவே.

1947-க்குப் பின் சௌலா லாகூரை விட்டு அமெரிக்கா போய், பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றி 1995-இல் காலமானார். குப்தா பஞ்சாபிலேயே கற்பித்து 1988-இல் காலமானார். இருவரையும் நம் சங்கக் கூட்டங்களில் இதுவரை நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

வருகிற டிசம்பர் 22-ஆம் தேதி கணித தினத்துக்குக் கிளைச் சங்கங்கள் நிகழ்ச்சி வைக்கும்போது, சொற்பொழிவுக்கு நடுவே பதினைந்து நிமிஷம் ஒதுக்கலாம். குழந்தைகளிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, ஆய்லரின் வழியில் பத்து முதல் இருபத்து நாலு வரை பகுப்புத் தொகைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இருபத்து நாலுக்கு 1575 வர வேண்டும். வந்ததா என்று பார்த்து, ஐந்தால் வகுபடுபவற்றை அவர்களையே கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரிய குழந்தைகளுக்குப் பலகையில் 13,39,78,25,93,44,888 என்று எழுதி, மூன்று முறை ஏழால் வகுக்கச் சொல்லலாம். மீதி எத்தனை என்பதை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.